மேக்பெத் கட்டுரையில் மார்க் எங்கே போகிறது?

அரசர் டங்கனைக் கொன்று தானே அரசனாகும் தளபதியின் கதையான ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்துக்குத் தேர்வில் கட்டுரை எழுதுவது பற்றி மாணவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: டீச்சர், எட்டுப் பக்கம் எழுதினேன். கதையில் எதையும் விடவில்லை. ஆனாலும் பாதி மார்க்தான் வந்தது. ஏன்?

பதில்: கதையை விடாமல் எழுதியதால்தான். விடைத்தாள் திருத்துபவருக்குக் கதை தெரியும். உங்கள் வாதம்தான் தெரியாது. ‘மேக்பெத்தை அழித்தது பேராசையா?’ என்று கேட்டால் முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். உதாரணமாக: ‘கொலைக்குத் தள்ளியது பேராசை, ஆனால் தவறு என்று முழுதாகத் தெரிந்தே செய்ததுதான் அவனை அழித்தது.’ இதற்கு ஆதாரம் முதல் அங்கம், ஏழாம் காட்சியின் தனிமொழி. டங்கன் என் உறவினர், என் அரசர், என் வீட்டு விருந்தாளி. கொல்ல வருபவனுக்குக் கதவை அடைக்கவேண்டிய நானே கத்தியை ஏந்துவதா என்று அவனே யோசிக்கிறான். ஆசையைத் தவிரத் தன்னைத் தூண்ட வேறு எதுவும் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். நான் இந்த நாடகத்தில் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த இடத்தைத்தான்.

கேள்வி: மேற்கோள்கள் மனதில் நிற்பதில்லை. எத்தனை வேண்டும்?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், ஜோடியாகப் படியுங்கள். கொலை முடிந்ததும் மேக்பெத், கடல் தேவன் நெப்டியூனின் கடல் முழுவதும் என் கையிலுள்ள இந்த ரத்தத்தைக் கழுவுமா என்று கேட்கிறான். அவன் மனைவி லேடி மேக்பெத்தோ, கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். அவனோ அச்சத்தின் சுவையே கிட்டத்தட்ட மறந்துபோய்விட்டது என்கிறான். இருவரும் இடம் மாறிவிட்டார்கள், பாருங்கள். இந்த வரிகளை வைத்தே ஒரு நல்ல பத்தி எழுதிவிடலாம். அப்புறம், தூக்கத்தில் நடக்கும் அந்தக் காட்சியில் அவள் பேச்சு செய்யுளாக இல்லாமல் உரைநடையாக இருப்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மனம் சிதைந்துவிட்டது என்பதை நடையே காட்டுகிறது.

கேள்வி: லேடி மேக்பெத் ஈவு இரக்கமே இல்லாதவள் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். தூங்கும் டங்கன் என் அப்பா சாயலில் இல்லாவிட்டால் நானே கொன்றிருப்பேன் என்கிறாளே, அந்த வரிக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கேள்வி: வரலாற்றுப் பின்னணிக்குத் தனிப் பத்தி வேண்டுமா?

பதில்: தனியாக வைத்தால் ஒட்டாது. அரசரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதியை எழுதிவிட்டு நாடகத்துக்குத் திரும்பாத தாள்கள் நிறைய. வாதத்துக்கு உதவுவதை மட்டும் எடுங்கள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் மேக்பெத்தின் சக தளபதி பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவனுக்கு அந்தப் பங்கு இல்லை. அப்போது அரசராக இருந்த முதலாம் ஜேம்ஸ் பாங்க்வோவின் வழிவந்தவர் என்று நம்பப்பட்டது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாற்றத்தால் நாடகத்துக்குக் கிடைத்ததைப் பாருங்கள்: மேக்பெத் அரசனாவான் என்ற சூனியக்காரிகளின் வாக்கை மேக்பெத், பாங்க்வோ இருவரும் கேட்கிறார்கள், ஒருவன்தான் கொல்கிறான். எல்லாம் விதி என்று எழுத நினைப்பவர்கள் முதலில் பாங்க்வோவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: நேரம் போதவில்லை, டீச்சர்.

பதில்: முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். நிலைப்பாடு ஒரு வரி, அதற்கு மூன்று காட்சிகள்; இவற்றை ஓரத்தில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.