கட்-ஆஃப், ஓசி, சாய்ஸ்: பொறியியல் கலந்தாய்வு கேள்வி பதில்

பிளஸ் டூ முடித்து அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை இவை. நான் கணக்கு வாத்தியார். தெரிந்தவரை சொல்கிறேன்.

மகள் 600க்கு 512. கட்-ஆஃப் எவ்வளவு சார்?

மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது அம்மா. கணக்கு மார்க் அப்படியே வரும். இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. கணக்கு 87, இயற்பியல் 76, வேதியியல் 81 என்றால் 87 + 38 + 40.5 = 165.5. இது 200க்கு. தமிழில் 95 வாங்கியிருந்தாலும் இதில் சேராது. இன்னொன்று: "அந்தக் கல்லூரி கட்-ஆஃப் 190" என்றால், போன வருடம் அங்கே கடைசியாக இடம் பிடித்தவரின் மார்க் என்று அர்த்தம். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

பயாலஜி குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு கிடைக்குமா?

கிடைக்கும். கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருந்தால் போதும்.

நாங்கள் எம்பிசி. ஓசி இடம் முற்பட்ட வகுப்பினருக்குத்தானே?

இல்லை. ஓசி என்பது பொதுப் போட்டி, எல்லோருக்கும் திறந்தது. ஒரு பிரிவில் 200 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு ஒதுக்கீடுகளைக் கழித்துவிட்டுப் பேசுகிறேன். ஓசி 62, பிசி 53, பிசி முஸ்லிம் 7, எம்பிசி 40, எஸ்சி 30, அருந்ததியர் 6, எஸ்டி 2. உங்கள் பெண்ணின் ரேங்குக்கு ஓசியில் இடம் இருந்தால் அதிலேயே கிடைக்கும். எம்பிசியின் 40 அப்படியே மற்றவர்களுக்கு இருக்கும்.

அப்படியானால் ஒரே சமூகத்துக்கு இரண்டு பங்கா? இது நியாயமா?

ஒரு பிள்ளைக்கு ஒரு இடம்தான் ஐயா. முதல் 62 பேருக்குள் வருபவர் மார்க்கால் வருகிறார். அவரைச் சாதியைக் காட்டி 40க்குள் தள்ளினால், அந்த 40ல் வர வேண்டிய கடைசிப் பிள்ளை வெளியே போகும். பொதுப் போட்டியில் சிலரை மட்டும் நிறுத்தினால் அது பொதுப் போட்டியே இல்லை.

சாதிச் சான்றிதழ் காட்டாமல் விட்டால் ஓசி சீட் எளிதாமே?

யார் சொன்னார்கள்? தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காட்டினால் ஓசி, உங்கள் வகுப்பு இரண்டிலும் வாய்ப்பு. காட்டாவிட்டால் ஓசி மட்டும். இன்றைக்கு இதே கேள்வி மூன்றாவது முறை வந்திருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கட்-ஆஃப் 172. எந்தக் கல்லூரி கிடைக்கும்? (இன்னும் நான்கு பேர், வேறு வேறு மார்க்கோடு)

தரவரிசை வரட்டும். வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் அதே 172 பல ஆயிரம் ரேங்க் கீழே போகும். மார்க்கை விட்டுவிட்டு, போன வருடம் உங்கள் ரேங்குக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எது கிடைத்தது என்று பாருங்கள். மற்ற நால்வருக்கும் இதே பதில்தான்.

சாய்ஸ் எத்தனை கொடுக்கலாம்? பிரவுசிங் சென்டர்காரரே போட்டுத் தருகிறாராம்.

சாய்ஸ் என்றால் நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுக்கும் கல்லூரி, பிரிவுப் பட்டியல். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். "கிடைக்காது" என்று எதையும் கீழே தள்ளாதீர்கள். ஆனால் பாஸ்வேர்டும் ஓடிபியும் உங்களிடமே இருக்கட்டும். என் மாணவன் ஒருவனின் பட்டியலில், அவன் பெயர்கூடக் கேள்விப்படாத கல்லூரி முதலிடத்துக்கு வந்திருந்தது. பூட்டிய பிறகுதான் பார்த்தான். அழுதுகொண்டே என் வீட்டு வாசலில் நின்றான், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அக்செப்ட் அண்ட் அப்வர்ட்" கொடுத்தால் கையில் இருக்கும் இடம் போய்விடுமா?

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே போட்டதற்கும் காத்திருப்பதுதான் அது. மேலே எதுவும் கிடைக்காவிட்டால் இது உங்களுக்கே. மேலே கிடைத்தால் இது போய்விடும், திரும்பி வர முடியாது. அதனால் உண்மையிலேயே விரும்புகிற கல்லூரிதான் பட்டியலில் மேலே இருக்க வேண்டும். கெடு நாளுக்குள் பதில் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அப்புறம், பாஸ்வேர்டு பத்திரம்.

என்ஐடி திருச்சிக்கு இதே விண்ணப்பமா?

இல்லை, அதற்கு ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத் தேர்வு.

அக்கா பி.ஏ. முடித்துவிட்டாள். எனக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டா சார்?

கிடையாது தம்பி, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருக்கிறாரே. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலா படித்தாய்? அப்படியென்றால் 2021ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நீ வருவாய்; அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். இந்த வாரமே பள்ளிக்குப் போய், ஆறிலிருந்து அங்கே படித்ததற்கான சான்றை வாங்கிவிடு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் கேள்.