ராத்திரி வீட்டுக்குள் நுழைந்த திருடனை அடித்து, அவன் செத்துப்போனால் கொலைக் கேஸ் ஆகுமா?

இந்தியச் சட்டப்படி பதில், அவன் எப்படி நுழைந்தான், அடி விழுந்தபோது எங்கே இருந்தான் என்பதைப் பொறுத்தது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள்தான் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை. சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கலாம் என்று அனுமதிப்பது 41-ஆம் பிரிவு. கொள்ளை, தீவைப்பு, அப்புறம் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுவது ஆகியவை அதில் வரும். பூட்டை உடைப்பதும் ஜன்னல் வழியே இறங்குவதும் வீடு உடைப்புதான். திறந்து கிடந்த கதவு வழியாகச் சும்மா நுழைந்தவன் இதில் வரமாட்டான். அவனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சும்படி இருந்தால்தான் அந்த உரிமை.

பலர் சிக்குவது அடுத்த கட்டத்தில். 37-ஆம் பிரிவு, தேவைக்கு மேல் காயம் கூடாது என்கிறது. 43-இன்படி, அத்துமீறல் நீடிக்கும்வரைதான் வீடு உடைப்புக்கு எதிரான உரிமை. பிடித்துக் கட்டிவைத்தபின் அடித்தால் அது தற்காப்பே அல்ல. (தெருவே கூடி 'தர்ம அடி' கொடுப்பதும் இதே கதைதான்.)

நல்லெண்ணத்தில், திட்டமிடாமல் எல்லை மீறியிருந்தால் கொலையை வரையறுக்கும், அதே சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கு கைகொடுக்கும்: அது கொலைக் குற்றம் அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். ஆனாலும் சிறை உண்டு.

தற்காப்பு என்று காட்டவேண்டியது நீங்கள்தான்; ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தகுந்ததாக இருந்தால் போதும். எனவே உடனே 112-க்கு அழையுங்கள், எதையும் துடைக்காதீர்கள்.