75, 125, 99: பெரிய எண்களில் தாவி எண்ணும்போது குழந்தை தடுமாறினால்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். 2, 5, 10 என்று தாவி எண்ணச் சொன்னால் மளமளவென்று சொல்லிவிடுவாள். 75, 125 என்று வந்தால் ஒவ்வொன்றையும் தாளில் கூட்டிப் பார்க்கிறாள், ஐந்தாறு எண்களுக்குள் தவறிவிடுகிறாள். இவற்றையும் வாய்பாடு போல மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். 75-ஐ உருப்போட்டால் அது 75-க்கு மட்டும்தான் உதவும். 125 வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தாவலையும் ஒரு புதுக் கணக்காகப் பார்க்கிறாள், சிக்கல் அங்கேதான். பத்துப் பத்தாக எண்ணும்போது அவள் கூட்டுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கடைசியில் 0 என்பது அவளுக்குத் தெரியும். முன்னால் இருப்பதை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறாள். பெரிய எண்களுக்கும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் வால் உண்டு. கொஞ்சம் நீளமான வால், அவ்வளவுதான்.

75-இன் மடங்குகளை ஒரே வரிசையாக எழுதாமல், வரிக்கு நான்காக எழுதச் சொல்லுங்கள்:

75, 150, 225, 300
375, 450, 525, 600
675, 750, 825, 900

இப்போது மேலிருந்து கீழே படிக்கட்டும். முதல் பத்தி முழுக்க 75-இல் முடிகிறது, அடுத்தது 50, அதற்கடுத்து 25, கடைசியில் 00. ஒவ்வொரு பத்தியிலும் 300 ஏறுகிறது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. அவளாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். தானே கண்டது மறக்காது.

ஏன் இப்படி என்று கேட்பாள். 75 என்பது நூறுக்கு 25 குறைவு. ஒவ்வொரு தாவலிலும் ஒரு நூறு ஏறி, 25 இறங்குகிறோம். நான்கு தடவை இறங்கினால் ஒரு முழு நூறு போய்விடும், அதனால் 400-க்குப் பதில் 300. வால் 75, 50, 25 என்று குறைந்துகொண்டே வருவதும் இதனால்தான். 125 இதற்கு நேர் எதிர்: நூறு ஏறி, 25-உம் ஏறுகிறோம். 125, 250, 375, 500. வால் 25, 50, 75, 00 என்று வளர்கிறது.

வரிக்கு எத்தனை எண் எழுதுவது என்பதற்கு உங்களுக்கான கணக்கு இது: தாவும் எண்ணுக்கும் நூறுக்கும் மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) கண்டுபிடித்து, அதால் நூறை வகுங்கள். 75-க்கு 25, ஆகவே நான்கு. 60-க்கு 20, ஆகவே ஐந்து: 60, 120, 180, 240, 300. 48-க்கு இது 25 தாவல் என்று நீண்டுவிடும். அப்போது நூறுக்குப் பதில் பத்தை வைத்துக்கொண்டு, ஒன்றின் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 8, 6, 4, 2, 0 என்று ஐந்து தாவலில் சுற்று முடிந்து 240-இல் நிற்கும்.

சில எண்களில் வேறு வகை அழகு இருக்கிறது. 99-ஐ எடுங்கள்: 99, 198, 297, 396, 495. ஒவ்வொரு தாவலிலும் நூறின் இலக்கம் ஒன்று ஏறும், ஒன்றின் இலக்கம் ஒன்று இறங்கும், நடுவில் 9 அசையாது. இன்னும் போனால் 594, 693, 792, 891: முன்பு வந்தவையே தலைகீழாகத் திரும்புகின்றன. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 37. வரிக்கு மூன்றாக எழுதினால் 37, 74, 111. பிறகு 148, 185, 222. அப்புறம் 259, 296, 333. இதைப் பார்த்து முகம் மலராத குழந்தை குறைவு.

பூச்சியத்தில் தொடங்காமல் 40-இலிருந்து 75 தாவச் சொன்னாலும் சுற்று குலையாது. 40, 115, 190, 265, 340. வால்கள் மாறுகின்றன (40, 15, 90, 65), ஆனால் நான்காவது தாவலில் 40 திரும்பி வந்துவிடுகிறது.

தவறைக் கண்டுபிடிப்பதிலும் இது கைகொடுக்கும். 75-இன் வரிசையில் 535 என்று வந்தால் உடனே தெரியும், 35-இல் முடிய வழியே இல்லை. ஆனால் 375-க்கு அடுத்து 550 என்று எழுதினால் வால் சரியாகவே இருக்கும், நூறில்தான் பிழை. அதற்காகத்தான் வரியின் கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும். 300, 600, 900 என்று வரவில்லை என்றால் அந்த வரிக்குள் மட்டும் தேடினால் போதும், முதலிலிருந்து கூட்ட வேண்டாம்.

இவை பழகியபின் 175-ஐக் கொடுங்கள். எழுதும் முன்பே, வரிக்கு எத்தனை எண், முதல் வரி எதில் முடியும் என்று கேளுங்கள். நான்கு, 700 என்று சொல்லிவிட்டால் தாளை எடுத்து வைத்துவிட்டு, வாயாலேயே எண்ணச் சொல்லலாம்.