செனட்டர் இல்லாத ஊரில் வீடும் வாக்கும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் வீடமைப்பும் தேர்தல் முறையும் விவாதத்துக்கு வந்தபோது யார் என்ன பேசினார்கள் என்று கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள் எனப் போன வாரம் சொல்லியிருந்தேன். நான் அரசியல்வாதி இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு காலைக் கோப்பியோடு ஹன்சார்ட் (நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவு) படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வீட்டில் இதற்காகக் கிண்டலும் உண்டு. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜொகூரில் பிறந்து உட்லண்ட்சில் குடியிருப்பவர்: அண்ணே, அந்தப் பக்கம் என் மாமா மகன் எப்போது பார்த்தாலும் "செனட்டர் இப்படிப் பேசினார்" என்கிறான். நம்மிடம் செனட்டர் யார்?

யாரும் இல்லை தம்பி. மலேசியாவில் மேலவை உண்டு, இந்தியாவில் மாநிலங்களவை உண்டு. நமக்கு ஒரே அவைதான். ஆனால் நாமும் கொஞ்ச காலம் செனட்டர் வைத்திருந்தோம். 1963 முதல் 1965 வரை மலேசியாவோடு இருந்தபோது கோலாலம்பூரில் கீழவையில் நமக்கு 15 இடமும் மேலவையில் 2 இடமும் இருந்தன. பிரிந்ததும் அதுவும் போயிற்று.

அப்புறம் 1966இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையம், சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டங்களை ஆராய ஓர் ஆலோசனை மன்றம் வேண்டும் என்றது. அதிலிருந்து 1970இல் அதிபர் மன்றம் வந்தது. 1973இல் அதன் பெயர் சிறுபான்மையினர் உரிமைக்கான அதிபர் மன்றம் என்று மாறியது. அதை மேலவை என்று சொல்ல முடியாது. செனட்டருக்குப் பக்கத்தில் வருபவர்கள் என்றால் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சொல்லலாம். தொகுதியில்லா உறுப்பினர்களையும் பக்கத்தில் நிறுத்தலாம், கொஞ்சம் தள்ளி.

தெம்பனிஸ் தொடக்கக்கல்லூரி மாணவி: இரண்டும் ஒன்று இல்லையா ஐயா? தேர்வில் குழம்பிவிடுகிறது.

ஒன்று இல்லைம்மா. தொகுதியில்லா உறுப்பினர் என்றால் தேர்தலில் நின்று, தோற்று, ஆனால் தோற்ற எதிர்க்கட்சியினரில் நல்ல வாக்கு வாங்கியவர். ஏற்பாடு வந்தது 1984இல். எதிர்க்கட்சியினர் குறைந்தது 12 பேராவது அவையில் இருக்க வேண்டும் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதோடு முழு வாக்குரிமையும் கொடுத்தார்கள். 2025 மே தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 10 இடம் வென்றதால் மீதி 2 இடம் இப்படித்தான் நிரம்பியது.

நியமன உறுப்பினர் தேர்தலில் நிற்பதே இல்லை. 1990இல் வந்த ஏற்பாடு. அவையை நடத்தும் நாயகர் தலைமையிலான தெரிவுக்குழு பரிந்துரைக்க, அதிபர் நியமிப்பார். அதிகபட்சம் 9 பேர், பதவிக்காலம் இரண்டரை ஆண்டு. வரவுசெலவு மசோதா, அரசமைப்புத் திருத்தம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் இவர்களால் வாக்களிக்க முடியாது. பேசலாம். குழுத்தொகுதி முறை (ஒரு சிறுபான்மையினராவது இருக்கும் குழுவாகச் சேர்ந்து நிற்கும் தொகுதி) அரசமைப்பிலேயே இருப்பதால், அதை மாற்றும் மசோதா வந்தால் நியமன உறுப்பினர் அரை மணி நேரம் உருகிப் பேசிவிட்டு வாக்கெடுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதை எழுதினால் மதிப்பெண் வரும்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: வாக்கும் முழுசாக இல்லை, தொகுதியும் இல்லை. பேசி என்ன பிரயோசனம்?

நியாயமான கேள்வி. பாட்டாளிக் கட்சியும் நெடுநாளாக இதைத்தான் சொல்கிறது: மக்கள் தேர்ந்தெடுக்காதவர் அவையில் எதற்கு? 2025 பிப்ரவரியில் ராஜ் ஜோஷுவா தாமஸ், சையட் ஹருன் அல்ஹப்‌ஷி என்ற இரண்டு நியமன உறுப்பினர்கள் பதவி விலகியதும், சையட் ஹருன் மே மாதமே நீ சூன் குழுத்தொகுதியில் ஆளும் மக்கள் செயல் கட்சி வேட்பாளராக நின்று வென்றதும் அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றின. கட்சி சாராதவர் என்ற பெயருக்கு அது அழகு சேர்க்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை அமைச்சர் யாரும் கொண்டுவரவில்லை. வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2009 ஆகஸ்டில் விஸ்வா சதாசிவன், தேசியப் பற்றுறுதியில் (இன, மொழி, சமய பேதமின்றி என்று சொல்லும் உறுதிமொழி) உள்ள கொள்கைகளை ஆட்சியில் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! மறுநாள் லீ குவான் இயூவே எழுந்து நின்று மறுத்துப் பேசினார். இனச் சமத்துவம் என்பது நாம் போய்ச் சேர விரும்பும் இடம், இன்னும் சேர்ந்துவிடவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். தீர்மானம் திருத்தத்தோடுதான் நிறைவேறியது. ஆனால் அந்தப் பதில் பதிவில் ஏறிவிட்டது. எனக்கு வாக்கு எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். அமைச்சரை எழுந்து நின்று காரணம் சொல்ல வைத்தாரா இல்லையா? அதை வைத்துத்தான் நான் ஓர் உறுப்பினரை எடைபோடுகிறேன்.

ஈசூன் அக்கா ஒருவர்: அம்மாவின் நாலறை வீட்டை விற்கப் போனோம். நல்ல விலை சொன்ன சீனக் குடும்பம் வாங்க முடியாது என்று முகவர் சொல்லிவிட்டார். கடைசியில் குறைத்து விற்றோம். இதை நாடாளுமன்றத்தில் யாராவது பேசினார்களா?

பேசினார்கள் அக்கா, பலமுறை. முதலில் நடந்தது என்னவென்று பார்த்துவிடலாம். 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (அரசாங்கம் கட்டும்) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்று இன்றைக்கு வரம்பு. அக்கம்பக்கம் முழுவதற்கும் ஆளுக்கு 3 விழுக்காடு குறைவு. நம்முடைய வரம்பு முன்பு 13ஆக இருந்தது, 2010இல் 15 ஆக்கினார்கள்.

உங்கள் அம்மாவின் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கும். அப்போது சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாம், ஒரு குடும்பம் போய் ஒரு குடும்பம் வருவதால் கணக்கு மாறாது. இந்தியர் வீட்டைச் சீனர் வாங்கினால் கணக்கு ஏறும், அதனால் முடியாது. ஆக உங்களுக்கு மிஞ்சியது இந்திய, மலாய் குடும்பங்கள் மட்டும். வாங்குகிறவர் குறைந்தால் விலையும் இறங்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அதே மாடியில் அதே அளவு வீட்டை வேறு விலைக்கு விற்கலாம். சிறுபான்மையினரைக் காக்க வந்த விதி சிறுபான்மையினரின் சட்டைப்பையிலேயே கை வைக்கிறதே என்று உறுப்பினர்கள் கேட்டது இதைத்தான்.

அரசாங்கத்தின் பதில் பெரும்பாலும் ஒன்றே: விதியை எடுத்தால் இன வாரியான பேட்டைகள் திரும்ப உருவாகும், அதற்குக் கொடுக்கிற விலை இது. ஆனால் சிரமம் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் அமைச்சர் டெஸ்மண்ட் லீ, நெடுங்காலம் முயன்றும் விற்க முடியாத உரிமையாளர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தார். விதி அப்படியே இருக்க, ஓரத்தில் ஒரு கதவைத் திறந்தார்கள். விவாதத்துக்கு இப்படித்தான் பலன் கிடைக்கும், கால் அடி, அரை அடியாக. அம்மா வீட்டுக்கு அது உதவவில்லை என்பது வருத்தம்தான்.

செங்காங்கில் பிடிஓ வீட்டுக்கு (பதிவுக்குப் பிறகு கழகம் கட்டித் தரும் புது வீடு) காத்திருப்பவர்: 2023இல் நில விலை பற்றிப் பெரிய சண்டை நடந்ததே, அதை எளிமையாகச் சொல்லுங்கள்.

2023 பிப்ரவரி 6, 7. ஒரே நேரத்தில் இரண்டு தீர்மானம். ஒன்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதியில்லா உறுப்பினர்கள் லியோங் மன் வாய், ஹேசல் புவா கொண்டுவந்தது. இன்னொன்று அமைச்சர் கொண்டுவந்தது. எதிர்க்கட்சி ஒரு தீர்மானம் வைத்தால் ஆளுங்கட்சியும் தன் தீர்மானத்தோடு வருவது பழைய ஆட்டம்.

ஒரு கணக்குக்கு, வீட்டின் விலை 400,000 வெள்ளி, அதில் பாதி நிலத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் (என் கற்பனை எண், பேரம் பேசப் போய்விடாதீர்கள்). முன்னேற்றக் கட்சி சொன்னது: வாங்கும்போது அந்த நிலப் பாதியைக் கட்ட வேண்டாம். அங்கேயே குடியிருந்து செத்தாலும் கட்ட வேண்டாம். சந்தையில் விற்றால் மட்டும் நில விலையை வட்டியோடு அரசாங்கத்துக்குக் கொடு.

அரசாங்கம் சொன்னது: நாட்டின் நிலம் முந்தைய கையிருப்பில், அதாவது முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த சொத்தில், சேர்ந்தது. வீடமைப்புக்கு நிலம் எடுத்தால் அதன் நியாய விலை கையிருப்புக்குப் போக வேண்டும். அதைத் தள்ளிவைத்தால் கையிருப்பில் கை வைத்த கணக்கு. அதோடு நில விலை இல்லாத புது வீடு வந்தால், ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் விலை என்னாகும்?

எதிர்க்கட்சித் தீர்மானம் தோற்றது. முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், "சலுகை" என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று இரண்டு நாள் வாதாடினார்கள். சந்தை விலையிலிருந்து குறைத்துத் தருவது சலுகையா, கட்டுகிற செலவுக்கு மேல் வாங்காமல் இருப்பதுதான் சலுகையா? முன்னேற்றக் கட்சியின் திட்டத்தில் ஓட்டை இருந்தது. வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே குடும்பங்கள் எப்படி இடம் மாறும் என்பதற்கு அவர்களின் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி சொல்வேன். பின்னர் 2024 அக்டோபரில் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று புது வீடுகளைப் பிரித்தார்கள். பிளஸ், பிரைம் வாங்கினால் 10 ஆண்டு விற்க முடியாது, விற்கும்போது சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த விவாதத்தால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்கும்போது திருப்பிக் கொடு என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்ததைக் கவனியுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: குழுத்தொகுதி இருப்பதால்தானே இந்தியர்கள் அவையில் இருக்கிறார்கள்? அதைப் போய் எடுக்கச் சொல்கிறார்களே?

2023 ஜூலையில் ஹேசல் புவா கொண்டுவந்த தீர்மானத்தைச் சொல்கிறீர்கள். பாட்டாளிக் கட்சியும் வெகுகாலமாக அதைக் கேட்கிறது.

குழுத்தொகுதி 1988, இன வரம்பு 1989. ஆண்டைப் பாருங்கள். கம்பங்களிலிருந்து மக்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோதே பழைய பேட்டைகள் கலைந்துவிட்டன. வரம்பு அதைப் பூட்டுப் போட்டு வைத்தது. ஆக எந்த வட்டாரத்திலும் சிறுபான்மை வேட்பாளர் தன் இனத்து வாக்கை மட்டும் நம்பி நிற்க முடியாது. வீட்டைப் பரப்பியவர்கள் வாக்கைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. இந்த இரண்டையும் தனித்தனியாக விவாதிப்பது எனக்கு எப்போதும் விநோதமாகத் தெரியும்.

எதிர்வாதமும் லேசானதல்ல. பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் 1981இல் ஆன்சனில் தனியாக நின்றுதான் வென்றார். மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை 2016இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். இன்னொன்று: 2017இல் அதிபர் தேர்தலுக்காக ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகியபோது இடைத்தேர்தல் நடக்கவில்லை. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சிறுபான்மை உறுப்பினருக்காகவே இருக்கும் ஏற்பாட்டில் அந்த உறுப்பினரின் நாற்காலி காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? இதற்குத் திருப்தியான பதிலை நான் இதுவரை படிக்கவில்லை. முறையையே எடுக்க வேண்டுமா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. ஐந்து பேர் குழுவை மூன்று பேர் ஆக்கலாம். 1988இல் மூன்று பேர்தான்.

முதல் முறை வாக்களித்த தம்பி: வீடு மாறவில்லை, தொகுதி மட்டும் மாறிவிட்டது. எல்லைக் கோட்டை யார் போடுகிறார்கள்?

பிரதமர் நியமிக்கும் தேர்தல் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு. ஐந்து அரசாங்க அதிகாரிகள். அதில் ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தலைமை நிர்வாகி. புதுப் பேட்டை எழும்பினால் வாக்காளர் கூடுவார்கள், கோடு நகரும், அதனால் அவர் அங்கே இருக்கிறார். 2025இல் குழு ஜனவரி 22இல் கூடியதாக அறிவிப்பு, அறிக்கை மார்ச் 11, வாக்களிப்பு மே 3. இந்தக் குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதை இன்னும் வெளிப்படையாக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் முன்னேற்றக் கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. பாட்டாளிக் கட்சி ஆதரித்தும் தோற்றது. அமைச்சர் சான் சுன் சிங் அரசாங்கத்தின் சார்பில் பதில் சொன்னார்: அரசியல்வாதிகள் தலையிடாமல் அதிகாரிகள் செய்வதே நடுநிலை. சரி, நடுநிலை என்றால் காரணத்தை விரிவாக எழுதுவதில் என்ன நஷ்டம் என்பது என் கேள்வி.

பெயர் வேண்டாம் என்றவர்: நீங்கள் எந்தக் கட்சி?

கோப்பிக்கடைக் கட்சி.

தேக்காவில் கடை வைத்திருக்கும் அண்ணன்: நாடாளுமன்றத்தில் தமிழில் பேசினால் யாருக்குப் புரியும்?

எல்லாருக்கும் புரியும் அண்ணே. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என்று நான்கு மொழியிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு காதில் வரும். ஒரு நாள் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் மாடத்துக்கு வாருங்கள். அடையாள அட்டை எடுத்து வாருங்கள். யாராவது தமிழில் எழுந்தால், எதிர் வரிசையில் நாலைந்து பேர் அவசரமாகக் காதுக்கருவியைத் தேடுவதைப் பார்க்கலாம்.