பந்து, கதவிலக்கம், ஒரு பழைய பிக்கப்

கேள்வி: சேர், என் மகனுக்குப் பத்து வயது. விடுமுறைக்கு அனிமேஷன் படங்கள் போடப்போவதாக ஒரு சிறுவர் அலைவரிசை 40 விநாடி விளம்பரம் காட்டுகிறது. ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தால் வந்து, பையைப் போட்டுவிட்டு ரீவியைப் போடுகிறாள், அவ்வளவுதான். மகன் அதைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குள்ள வேற படங்கள் ஒளிச்சு வச்சிருக்கு" என்கிறான். நான்கு இடம் காட்டுகிறான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே இருக்கிறதா? (ஒரு தாய், தருமபுரம்)

பதில்: இருக்கிறது தங்கச்சி. நீங்கள் அனுப்பியதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று இரவு பார்த்தேன். பாட்டு ஓடினால் கண் அந்தச் சிறுமிக்குப் பின்னாலேயே போய்விடுகிறது. மகன் சொன்ன நான்கில் மூன்று சரி.

ஏழாவது விநாடியில் மேசைக்குக் கீழே ஒரு பந்து கிடக்கிறது. மஞ்சள் பந்து, நடுவே நீலப் பட்டை, அதில் சிவப்பு நட்சத்திரம். பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் 1986இல் செய்த 'லக்சோ ஜூனியர்' என்ற இரண்டு நிமிடப் படத்தில் வந்த பந்து அது. அந்தப் படத்தில் மனிதர் யாரும் இல்லை. தாயும் பிள்ளையும் போல இரண்டு மேசை விளக்குகள்தான். சின்ன விளக்கு பந்தில் ஏறிக் குதித்துக் குதித்துக் காற்றைப் போக்கிவிடும். பிறகு 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'யில் பஸ் என்ற விண்வெளி வீரப் பொம்மை, தனக்குப் பறக்கத் தெரியும் என்று காட்டக் கட்டிலில் இருந்து பாய்ந்து விழுந்து எழும்புவதும் இதே பந்தில்தான்.

யன்னலுக்கு வெளியே கூரையில் ரொக்கட் பூட்டிய பழைய பிக்கப் ஒன்று போகிறது. அதுவும் 'டாய் ஸ்டோரி'யின் பீட்சாக் கடை வண்டி. பிக்சாரின் பிந்திய படங்கள் பலவற்றில் எங்காவது ஒரு ஓரத்தில் நிற்கும். மூன்றாவது கதவிலக்கம். அதைப் பற்றி இன்னொரு பிள்ளையும் கேட்டிருக்கிறார், கீழே சொல்கிறேன்.

நான்காவதில்தான் நான் மகனோடு உடன்படவில்லை. நீலத் துணியில் வெள்ளை முகில் போட்ட திரைச்சீலை. 'டாய் ஸ்டோரி'யில் அண்டி என்ற பையனின் அறைச் சுவரில் இதே மாதிரி முகில்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அப்படித் துணி கிளிநொச்சிச் சந்தையிலும் தொங்குகிறது. கணினியில் செய்த படமாக இருந்தால் நானும் ஓம் என்றிருப்பேன். அங்கே மேசையில் ஒரு கீறல் வேண்டுமென்றாலும் ஒருவர் இருந்து அதைச் செய்யவேண்டும். தானாக வந்து சேர்வது எதுவுமில்லை. இந்த விளம்பரமோ உண்மையான வீட்டில் கமராவால் எடுத்தது. திரைச்சீலை அந்த வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். நட்சத்திரம் போட்ட பந்து அப்படித் தற்செயலாக வராது. இந்த வித்தியாசத்தை மகனுக்குச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார். கற்பனை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அதே விளம்பரத்தில் ஒரு கதவில் ஏ113 என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஏ9, ஏ34 போல அதுவும் வீதி இலக்கமா? (ஒரு மாணவன், மாங்குளம்)

பதில்: இரண்டு வீதியும் சந்திக்கிற ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம் தம்பி. ஆனால் இது வீதி இல்லை, ஒரு வகுப்பறை. அமெரிக்காவில் கலிபோர்னியா கலை நிறுவனத்தில் முதலாம் வருட மாணவர்கள் பாத்திரங்களை அசைய வைக்கப் படித்த அறையின் இலக்கம் ஏ113. 'டாய் ஸ்டோரி'யை இயக்கிய ஜோன் லாசெட்டரும் 'த இன்கிரெடிபிள்ஸ்' இயக்கிய பிராட் பேர்டும் அங்கே படித்தவர்கள். படித்துப் போனவர்கள் தங்கள் படங்களுக்குள் அந்த இலக்கத்தை வைக்கத் தொடங்கினார்கள். 'டாய் ஸ்டோரி'யில் அண்டியின் அம்மாவுடைய வாகன இலக்கத் தகட்டில் இருக்கிறது. 'ஃபைண்டிங் நீமோ'வில் சுழியோடியின் கமராவில் இருக்கிறது. 2008இல் வந்த 'வால்-இ'யில் அது ஓரத்தில் ஒளிந்திருக்கவில்லை, கதையே அதில்தான் தொங்குகிறது: பூமிக்குத் திரும்பக்கூடாது என்று விண்கப்பலின் இயந்திரத்துக்கு வந்த இரகசியக் கட்டளையின் பெயர் ஏ113.

இதைப் பற்றி முதலில் அறிந்த அன்று எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டுப் போன பிறகு மல்லாவிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் படித்தோம். அதற்கு இலக்கம் கிடையாது. வெயில் ஏறினால் முதிரை மரத்துக்குக் கீழே வாங்கைத் தூக்கிக்கொண்டு போவோம். எங்களுக்குச் சித்திரம் படிப்பித்தவர் கோவலன் கூத்துக்கும் பண்டாரவன்னியன் நாடகத்துக்கும் சீன் சீலை கீறுகிறவர். அரண்மனையோ காடோ, எந்தச் சீலையிலும் ஒரு உடும்பு இருக்கும். ஒருமுறை மதுரை மாநகரத்துத் தூணில் ஏறிக்கொண்டிருந்தது. கூத்துத் தொடங்க முன்னமே பிள்ளைகள் நாங்கள் முன்னால் போய்க் குந்தி உடும்பைத் தேடுவோம். கண்டவன் சொல்லக்கூடாது, மற்றவனும் தானாகக் காணவேண்டும். 2009இல் அந்தச் சீலைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் இப்போது கடைப் பலகைகளுக்கும் முன்பள்ளிச் சுவர்களுக்கும் படம் கீறுகிறேன். எல்லாவற்றிலும் உடும்பு இருக்கிறது தம்பி. மாங்குளத்திலும் இரண்டு சுவர் கீறியிருக்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: நிறுத்திப் பார்த்தால் படம் கலங்கிவிடுகிறது. என்ன செய்வது? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: எங்கள் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. கமரா திரும்புகிற நேரத்தில் நிறுத்தினால் கலங்கிய படம்தான் அகப்படும். ஒன்றிரண்டு படம் முன்னே பின்னே போனால் தெளிவானது கிடைக்கும். விரலால் இழுத்து அதைப் பிடிக்க முடியாது. கணினியில் வி.எல்.சி. என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் இருந்தால் விசைப்பலகையில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம் நகரும். யூடியூப்பில் நிறுத்தி வைத்துக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டினால் முன்னுக்கும், காற்புள்ளியைத் தட்டினால் பின்னுக்கும் போகும்.

முதலில் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தின் கடைசிப் பகுதியில் பழகிப் பாருங்கள். சின்னப் பிள்ளை தன் அறையில் இருந்து விளையாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அதில் ஒன்று நீமோ மீன். அந்தப் படம் வந்தது 2001இல், நீமோவின் படம் வந்தது 2003இல். அது என்ன மீன் என்று அன்று கொட்டகையில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது.