சிவப்பு ஒயின் சந்தேகங்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முதலிலேயே ஒன்று. நான் ஒயின் தொழிலில் இல்லை. கணக்கு வேலை, பதினைந்து வருடப் பித்து, இரண்டு நோட்டு நிறையக் குறிப்புகள், அவ்வளவுதான். ‘இதயத்துக்கு நல்லதாமே’ என்று கேட்பவர்கள் மருத்துவரிடம் போங்கள்.

ரமா, சென்னை: ரூம் டெம்பரேச்சரில்தான் குடிக்கணும் என்கிறார்கள். குடித்தால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறதே?

எந்த ஊர் ரூம் என்று கேளுங்கள். அந்தப் பேச்சு கிளம்பியது ஐரோப்பாவின் பழைய குளிர் வீடுகளில், அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் 32 டிகிரியில் ஆல்கஹால்தான் முதலில் வந்து மூக்கில் குத்தும், பழவாசனை பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பாட்டிலை ஒன்றரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். 20 நிமிடம் போதும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருப்பது அவர்கள் அறைக்கான கணக்கு. அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், கால் மணி நேரம்.

குமரன், சிங்கப்பூர்: டானின் டானின் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி, இதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. மற்றவர்கள் ‘வாய் வறண்ட மாதிரி’ என்று சுற்றி வளைப்பதை நாம் அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி, துவர்ப்பு என்று பெயரும் வைத்துவிட்டோம். நாவல்பழம் நாலு தின்றதும் நாக்கு கன்னத்தில் ஒட்டி இழுபடுமே, அதுதான். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்து வருவது அது, ஓக் பீப்பாயும் கொஞ்சம் கொடுக்கும். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் அதில் அதிகம்.

இன்றைக்கே செய்து பாருங்கள். தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சர்க்கரை போடாமல் ஒரு வாய். அப்புறம் அதிலேயே கொஞ்சம் பால் விட்டு இன்னொரு வாய். துவர்ப்பு அடங்கிவிடும், ஏனென்றால் இப்போது டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது. கபர்னே சாவிஞோன் என்ற துவர்ப்புத் திராட்சையின் ஒயினுக்குப் பக்கத்தில் ஆட்டிறைச்சி வைப்பதன் சங்கதியும் கிட்டத்தட்ட இதுதான்.

நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். இத்தாலியின் நெபியோலோ வெளிறிப்போய் அப்பாவி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் பாக்கு மென்ற கதை.

அன்வர், மதுரை: அப்படியானால் மட்டன் சுக்காவுக்குக் கபர்னே சரிதானே?

மட்டனுக்குச் சரி, மிளகாய்க்கு இல்லை. ஆல்கஹாலும் டானினும் காரத்தை ஏற்றிவிடும். துவர்ப்பு குறைந்த, பழச்சுவை கூடிய காமே திராட்சை ஒயின் மாதிரி எதையாவது எடுங்கள். குளிரவைத்து.

தீபா, கோவை: கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் கோடு கோடாக வழிகிறது. நல்ல ஒயினா?

ஆல்கஹால் இருக்கிறது என்று அர்த்தம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜெயந்தி, டொராண்டோ: சிலி நாட்டு கார்மெனேர் வாங்கினேன், குடைமிளகாய் வாசனை. கெட்டுப்போனதா?

இல்லை, அது அந்தத் திராட்சையின் குணம். பழம் சரியாகப் பழுக்காவிட்டால் தூக்கலாகத் தெரியும். கார்மெனேர் பிரான்சின் போர்தோவிலிருந்து போன கொடி. சிலியில் ரொம்ப காலம் அதை மெர்லோ என்ற வேறொரு திராட்சை என்று நினைத்தே வளர்த்தார்கள், 1994இல்தான் ஒரு பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் பார்த்துவிட்டு இது வேறு என்றார். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால்தான் கவலைப்படணும், அது தக்கையால் வரும் கெடுதல். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுரேஷ், திருச்சி: பிரிட்ஜில் வைக்கலாமா?

ரமாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாறன், பெங்களூர்: எல்லாம் பம்மாத்து சார். வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது நிபுணர்களே ஏமாந்தார்களே!

இது வரும் என்று எதிர்பார்த்தேன். 2001இல் வெளியான போர்தோ ஆய்வு அது. 54 பேர், நிபுணர்கள் இல்லை, ஒயின் படித்த மாணவர்கள். மணமில்லாத சாயம் கலந்த வெள்ளை ஒயினுக்குச் சிவப்பு ஒயினின் மணங்களைச் சொன்னார்கள், உண்மைதான். கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு அது சாட்சி. ரெண்டும் ஒன்றுதான் என்பதற்கு இல்லை.

மாறன்: சமாளிக்கிறீர்கள். விலையையும் லேபிளையும் மறைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

லேபிளை மறைத்துத்தான் 1976இல் பாரிஸில் போட்டி வைத்தார்கள். பிரெஞ்சு நடுவர்கள், பிரான்சின் பெரிய பெயர்கள், எதிரே கலிஃபோர்னியா. சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் நாபா பகுதியிலிருந்து வந்த ஸ்டாக்ஸ் லீப் 1973க்கு. பார்த்தீர்களா, நிபுணர்களுக்கே தெரியவில்லை என்பீர்கள். ஊர்ப் பெயர் வேண்டுமானால் தெரியாமல் இருந்திருக்கலாம், எது பிடித்தது என்று நாக்கு சொல்லியிருக்கிறது, பெயரைக் கழற்றினால்தான் அது பேசும். நீங்கள் பாதி சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வாதம் எதற்கு? ரெண்டு ஒயின், மூன்று கிளாஸ். ரெண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறொருவர் ஊற்றட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தனியானது எதுவென்று சொல்லுங்கள். ஆறு தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே ரெண்டு சரியாக வரும், அதற்கு மேல் வந்தால் பேசுவோம்.

லதா, சேலம்: சிவப்பு ஒயினை பிரிட்ஜில்…

ஒன்றரை மணி நேரம்! மிச்சமானதையும் மூடி அங்கேயே வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.

மாறன்: செய்து பார்த்தேன். பினோ நுவார், கபர்னே. ஆறுக்கு ஐந்து. தப்பான அந்த ஒன்றும் மனைவி ஊற்றும்போது மாற்றிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மனைவியைச் சொல்லாதீர்கள். அடுத்து ரெண்டையும் ஒரே திராட்சையில் எடுங்கள்.