வாசகர் கேள்வி பதில்: திரும்பி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். அடுத்த ஏப்ரலோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறார். கூட இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர், "எங்கள் நாட்டில் திரும்பி வருகிறவர்களை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்" என்றாராம். நிஜமா? இவருக்கு இங்கே காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட ஆசை. எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: பாதி நிஜம், அம்மா. அங்கே வெளிநாடு போகிறவர்களுக்கென்று 'ஓவ்வா' என்ற நல அமைப்பு இருக்கிறது, ஒரு ஒப்பந்தத்துக்கு 25 டாலர் சந்தா. இதெல்லாம் சும்மா வரவில்லை. 1995-ல் ஃபுளோர் கான்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணை சிங்கப்பூரில் தூக்கிலிட்டபோது நாடே கொதித்துப்போய், அந்த வருஷமே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. திரும்பி வருகிறவர்களைக் கவனிக்க 2007-ல் தனி மையம், 2021 கடைசியில் சட்டம் போட்டுத் தனித் துறையே வந்துவிட்டது.

சரி, கைக்கு என்ன கிடைக்கும்? கஷ்டப்பட்டுத் திரும்புகிறவர்களுக்குத் தொழில் தொடங்க 20,000 பெசோ வரை, அதாவது நம் காசில் முப்பதாயிரம் சொச்சம். அதில் வீட்டு வாசலில் ஒரு 'சாரி-சாரி' கடை போடலாம், நம்ம ஊர்ப் பெட்டிக்கடைதான். தெருவுக்கு நாலு கடை இருந்தால் யார் யாரிடம் வாங்குவது? பெரிய தொகையும் கிடைக்கும், ஆனால் அது அரசு வங்கியில் வாங்குகிற கடன், வட்டியோடு கட்டியாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய வேறொரு திட்டம். ஆசிரியர் உரிமம் வைத்திருந்தும் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்களைத் திரும்ப அழைத்து, அரசுப் பள்ளிகளில் வேலை கொடுத்தார்கள். தெரிந்த தொழிலிலேயே உட்காரவைப்பது! உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த தொழில் சமையல். முதல் ஒரு வருஷம் ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு ஓட்டலில் சம்பளத்துக்கு நிற்கட்டும், சீசனில் நல்ல சமையல்காரருக்கு அலைகிற முதலாளிகள் அங்கே இருக்கிறார்கள். அப்புறம் சின்னதாக ஒரு மெஸ் போடலாமா என்று யோசிக்கலாம்.

காட்டேஜ் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. உங்கள் பக்கம் செக்‌ஷன் 17 நிலம் என்றாலே ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்மச் சட்டத்திலிருந்து, யாருக்குச் சொந்தம் என்று தீராமல் இழுத்துக்கொண்டிருக்கிற சிக்கல் என்பது உங்களுக்கே தெரியும். பட்டா இல்லாத இடத்தை நம்பி எந்த பேங்கும் கடன் தராது, மலைப் பகுதியில் கட்டட அனுமதியும் லேசில் வராது. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் போனில் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கு. அவர் அனுப்புகிற பணத்தில் பாதியில் இப்போதிருந்தே குடும்பத்தை நடத்திப் பாருங்கள், மீதியைத் தொடவே தொடாதீர்கள். எங்கே இடிக்கிறது என்று ரெண்டு மாசத்தில் தெரிந்துவிடும்: டியூஷனா, நகைச்சீட்டா, கடன் கேட்டு வருகிற மச்சினரா. அயலகத் தமிழர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள், துபாயில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

கேள்வி: இலங்கையிலிருந்து வந்த எங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தானே வேலை கொடுத்தார்கள்?
- ஒரு கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: ஆமாம். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அதன்படி வந்தவர்களுக்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டேன்டீ, அதாவது அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. தெரிந்த வேலை கிடைத்தது, அந்த விதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடியிருந்த லைன் வீடு (தோட்டத்து வரிசை வீடு) வேலையோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர் ஓய்வு பெற்றதும் எங்கே போவது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. தாத்தா இருந்தால் அவரிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.